அப்பா ஏன் ஒயிலை மணந்து பார்க்கிறார்?

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலமைகளில் ஒரு வழக்கம் இருந்தது. அப்பா பிளேன் ரீ குடித்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கார்க் கொட்டிலுக்குப் போவார். பொனற்றைத் தூக்கித் தடி கொடுப்பார். எஞ்சினுக்குப் பக்கத்தில் இருக்கிற மெல்லிய கம்பியை இழுத்து, பழைய பெனியன் துண்டால் துடைத்து, திரும்பச் செருகி, திரும்ப இழுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். அதோடு விடமாட்டார். கம்பி நுனியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பார்ப்பார். பிறகுதான் பொனற் மூடும்.

குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்று நாங்கள் சிரிப்போம். "அப்பா மீன் பழுதோ எண்டு பாக்கிறார்" என்போம். அம்மாவும் சிரிப்பா. ஏன் மணக்கிறீங்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நாங்கள் என்றால் அக்காவும் தங்கச்சியும். ஒருத்தி கம்பஸில் கலைப்பீடம், வரலாறு படிக்கிறாள். மற்றவள் ஏ.எல். எடுத்துவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறாள். இதை எழுதுவது எவள் என்று பிரிக்கத் தேவையில்லை. பிழை விட்டதும் சேர்ந்துதான், பழகினதும் சேர்ந்துதான்.

கார் ஒரு மாருதி 800. சண்டை முடிந்தபிறகு அப்பா செக்கன்ஹாண்டில் வாங்கினது. காலமையும் மத்தியானமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். இடையில் ஆசுபத்திரி, கோயில், கலியாண வீடு என்று ஹயர் வரும். எங்கள் இருவரின் ரியூசன் காசும் அந்த நாலு சில்லிலிருந்துதான் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை எங்கேயோ போனது. வேறு கார் மாற்றுகிற யோசனையை அப்பா அதோடு விட்டுவிட்டார். இருக்கிறதைப் பார்த்துப் பார்த்து ஓடுவதுதான் ஒரே வழி. 2022இல் கியூ.ஆர். கோட்டுக்குக் கிடைத்த பெற்றோல் பிள்ளைகளை ஏற்றி இறக்கவே காணாமல், கார் கொட்டிலில் நின்ற நாட்களிலும் அவர் அந்தக் கம்பியை இழுத்துப் பார்க்காமல் விட்டதில்லை.

போன ஆவணியில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் சோர்ந்துபோயின. பேச்சுப் பிடிபடவில்லை. சொல் தொண்டை வரை வருவது எங்களுக்குத் தெரியும், வாயால் வராது. பிறகுதான் தெரிந்தது, பிறஷர் குளிசையை அவர் எப்பவோ நிறுத்திவிட்டார் என்று. ஒரு சுகக்கேடும் தெரியவில்லை, பிறகு ஏன் காசைக் கரியாக்குவான் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

கார் ஓடாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. எங்களில் மூத்தவளிடம் லைசன்ஸ் இருந்தது. ஏழு மணிக்கு ஐந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, காரை வீட்டில் விட்டு, பஸ்ஸில் கம்பஸ். மத்தியானம் விரிவுரை இருந்தால் அயலட்டை அண்ணை ஒருவர் ஓட்டித் தருவார். இப்படியே மூன்று மாதம் போனது. அந்த மூன்று மாதமும் நாங்கள் காரை எப்படிப் பார்த்தோம் என்றால், சம்பூ போட்டுக் கழுவினோம். புது மிதியடி வாங்கிப் போட்டோம். வாசத்துக்கு ஒரு சின்னப் போத்தல் தூக்கினோம். பெற்றோல் அடித்தோம். பொனற்றை ஒரு தரமும் திறக்கவில்லை. பொனற் திறக்கிறது ஆம்பிளையளின் வேலை என்று எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை. அப்படித்தான் வளர்ந்திருந்தோம்.

கார்த்திகை மாதம், கிளினிக் நாள். நல்ல மழை. அப்பா முன் சீற்றில் இருந்தார். உடுவிலில் இருந்து வெளிக்கிட்டு கே.கே.எஸ். ரோட்டில் ஏறித் திரும்புகையில் முன்பலகையில் சிவப்பு லைற் ஒன்று மின்னி மறைந்தது. நேராக வந்ததும் இல்லை. இன்னொரு வளைவில் திரும்ப மின்னியது. அலாவுதீனின் விளக்கு மாதிரி ஒரு படம். எங்கேயோ வயர் லூஸ் என்று நாங்களே முடிவு கட்டினோம்.

அப்பா இடது கையால் முன்பலகையைத் தட்டினார். "ஒ... ஒ..." என்றார்.

"ஒண்டுக்கு வருதோ அப்பா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று ஆட்டினாரா ஓம் என்று ஆட்டினாரா என்று எங்களுக்கு விளங்கவில்லை. "ஒ... ஒ..." என்று இன்னும் பலமாகச் சொன்னார். கண்ணில் தண்ணீர். வழியில் ஒரு கடையடியில் நிறுத்தி, கடைக்காரரிடம் கேட்டு, அப்பாவைத் தாங்கிப் பிடித்துப் பின்னுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் அங்கே சும்மா நின்றார். எங்களைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. திரும்ப வந்து ஸ்ராட் செய்தோம். லைற் எரியவில்லை. பாத்தீங்களா, சரியாகிவிட்டது என்று அப்பாவுக்குச் சொன்னோம். ஒரு கட்டை தூரம் போயிருக்காது, எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம்.

அப்பா சொன்னது ஒயில்.

கராஜ் அண்ணை கம்பியை இழுத்தார், துடைத்தார், செருகினார், இழுத்து எங்களிடம் நீட்டினார். கம்பி காய்ந்து கிடந்தது.

"கடைசியா எப்ப ஒயில் பாத்தனீங்கள்?"

"பெற்றோல் அடிச்சனாங்கள் அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. "பெற்றோல் சாப்பாடு தங்கச்சி. ஒயில் ரத்தம்" என்றார். பிறகு ஒரு பழைய பெயாரிங்கைக் கையில் தந்து விளங்கப்படுத்தினார். எஞ்சின் ஓடும்போது கிறாங் நேரடியாக இரும்பில் உரசுவதில்லை. அதற்கும் பெயாரிங்குக்கும் இடையில் மெல்லிய ஒயில் படலம் ஒன்று இருக்கிறது. கிறாங் அந்தப் படலத்தில் மிதந்துகொண்டுதான் சுற்றும். படலம் அறுந்தால் இரும்பு இரும்பைத் தின்னும். அந்த விளக்குப் படம் ஒயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதில்லை. ஒயிலின் பிறஷர் விழுந்துவிட்டது என்று காட்டுவது. அது எரியும்போது ஏற்கெனவே பிந்திவிட்டது. வளைவில் மட்டும் எரிந்தது ஏன் என்றால், அடியில் மிச்சமிருந்த கொஞ்ச ஒயிலும் கார் திரும்பும்போது ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. கடையடியில் நின்ற நேரம் மேலே நின்ற ஒயில் கீழே வடிந்தது. அதனால்தான் திரும்ப ஸ்ராட் செய்யும்போது லைற் அணைந்தது. சரியாகிவிட்டது என்று நாங்கள் அப்பாவுக்குச் சொன்னோமே, அது.

பழைய எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலை எரிக்கும். அப்பா வாராவாரம் பார்த்து, குறைந்ததை விட்டு விட்டு ஓடியிருக்கிறார். நாங்கள் அதைக் கண்டிருக்கிறோம், கவனித்ததில்லை. கிறாங்கைக் கடைந்து, பெயாரிங் மாற்றி, எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேலே போனது. அம்மாவின் ஒரு சோடிக் காப்பு அடைவுக்குப் போனது. ஒன்றரை மாதம் கார் இல்லை. ஐந்து பிள்ளைகளில் மூன்று பேர் வேறு வானுக்கு மாறிவிட்டார்கள்.

மார்கழியில் மாமா பார்க்க வந்தார். அப்பாவும் அவரும் ஒரே காலத்து ஆட்கள். பேச்சு காருக்குத் திரும்பியது. அப்பா ஒயிலை மணக்கிற கதையை நாங்கள் பகிடியாகத்தான் எடுத்தோம். மாமா பகிடியாக எடுக்கவில்லை.

"அது மண்ணெண்ணெய்க் காலத்துப் பழக்கம் பிள்ளையள்" என்றார்.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் வராது. மாமாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அதை ஓட்டினது அப்பா. ஸ்ராட் செய்ய மட்டும் ஒரு சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் விடுவது. எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. புகையும் மணமும் ஊரெல்லாம் ஒன்றுதான். பெற்றோல் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் பிஸ்ரனுக்குப் பக்கத்தால் வழிந்து கீழே ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும்.

"கம்பியில ஒயில் குறைஞ்சா பயப்பிடத் தேவையில்லை, விடலாம். கூடினால்தான் பயம். மண்ணெண்ணெய் இறங்கீட்டுது எண்டு அர்த்தம். கண்ணால பாத்தாத் தெரியாது. மணந்துதான் பாக்க வேணும். கொப்பர் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் மணந்து பாப்பார். அந்தக் காருக்குள்ள பிள்ளைப்பெறுக்காரரையும் காயக்காரரையும் ஏத்தினவர். நடு ரோட்டில நிண்டால் என்ன செய்யிறது?"

அப்பா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். 'ரெண்டு தரம்' என்ற இடத்தில் இடது கையால் மூன்று விரல் காட்டினார்.

எங்களில் வரலாறு படிப்பவளுக்கு இது ஒரு மாதிரியாகிவிட்டது. இரண்டாம் வருடத்தில் அவள் பொருளாதாரத் தடைக் காலம் பற்றி ஒரு அசைன்மென்ற் செய்தவள். ஊரில் ஏழெட்டுப் பேரைக் கண்டு கதைத்து ரெக்கோட் பண்ணினவள். ஜாம் போத்தல் விளக்கு, சவர்க்காரத்துக்குப் பதில் பனம்பழம், சைக்கிள் டைனமோவில் ரேடியோ என்று எல்லாம் எழுதினாள். நல்ல புள்ளியும் கிடைத்தது. வீட்டில், ஒவ்வொரு ஞாயிறும் கண்ணுக்கு முன்னால் நடந்ததைக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று நினைத்தபோது அப்பாவால் சொல்ல முடியவில்லை. மாமா வராமல் இருந்திருந்தால் அது மீன் பகிடியாகவே போயிருக்கும்.

கார் திரும்ப வந்தபிறகு நாங்கள் பழகினோம். கராஜ் அண்ணை ஒரு முழுச் சனிக்கிழமை எங்களுக்காகச் செலவழித்தார். அவர் சொன்னதையும் பிறகு நாங்கள் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறோம். ஸ்கூட்டியோ தம்பியின் பைக்கோ எது வைத்திருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். எப்படிப் பார்ப்பது என்பது மட்டும் அந்தந்த வாகனத்தின் கையேட்டில் இருக்கும்.

ஒயில் பார்க்கக் கார் சமதரையில் நிற்கவேண்டும். ஓடிவந்த உடனே பார்க்கக்கூடாது. ஐந்து பத்து நிமிசம் விட்டால்தான் மேலே நிற்கிறது கீழே வடியும். முதல் இழுப்பை நம்பவேண்டாம். துடைத்துச் செருகி இரண்டாம் தரம் இழுத்ததுதான் கணக்கு. கம்பியில் இரண்டு அடையாளம் இருக்கும். ஒயில் அவற்றுக்கு இடையில் நிற்கவேண்டும். மேல் அடையாளத்தைத் தாண்டி நிரப்புவதும் பிழை. நிறம் கறுத்தால் பயப்படவேண்டாம், அழுக்கைக் கழுவுவதும் ஒயிலின் வேலைதான். ஆனால் பால் கோப்பி நிறத்தில் நுரைத்திருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது. அப்படியே மெக்கானிக்கிடம் போகவேண்டும்.

போத்தலில் 20 டபிள்யூ 40 என்று இருப்பது எங்களுக்கு முன்னர் ஏதோ மந்திரம் மாதிரி. முன் எண் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கு. பின் எண் எஞ்சின் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கு. கையேட்டில் எது இருக்கிறதோ அதை வாங்கவேண்டும். கடைக்காரர் கையில் தருவதை அல்ல. எங்கள் காருக்கு 5000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அதற்கு மாற்றச் சொன்னார்.

மாற்றுவது இன்னும் கொஞ்சம் வேலை. எஞ்சின் இளஞ்சூட்டில் இருந்தால் ஒயில் இலகுவாக இறங்கும். ஜக்கை மட்டும் நம்பி ஒருநாளும் காருக்குக் கீழே போகக்கூடாது. நாங்கள் கராஜ் குழியில்தான் செய்தோம். அடி நட்டைக் கழற்றினதும் ஒயில் நேராக விழாது, எட்டிப் பாயும். எங்கள் முதல் தரத்தில் அரைவாசி பேசினுக்கு வெளியே. புதுப் பில்ரரைப் பூட்ட முன் அதன் றப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஒயில் பூசவேண்டும். பழைய வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்கு மேலேயே புதிதைப் பூட்டினால் ஒழுகும். கையால் இறுக்கினால் போதும். பிறகு மூன்று லீற்றருக்குக் கொஞ்சம் குறைய ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, நிறுத்தி, கீழே சொட்டுகிறதா என்று பார்த்து, திரும்பக் கம்பி. பழைய ஒயில் தோலுக்குக் கூடாது. கையுறை போடாமல் தொடவேண்டாம்.

இன்னொன்றும் சொன்னார். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடவேண்டாம். உங்கள் வீட்டுக் கேத்தலுக்குள் படிந்திருக்கிற வெள்ளையைப் பாருங்கள். அதுதான் ரேடியேற்றருக்குள்ளும் படியும். சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறக்கவும்வேண்டாம்.

வடித்த ஒயில் ஒரு கானில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அப்பா அதைக் கண்டதும் இடது கையால் கொட்டில் மரங்களைக் காட்டினார். விளங்கியது. பழைய ஒயிலைக் கப்பிலும் வேலிக் கட்டையிலும் பூசினால் கறையான் வராது. அப்பா எப்போதும் அப்படித்தான் செய்தவர். மிச்சம் வேலி ஓரத்தில்.

அம்மா குசினிக்குள் இருந்து வெளியே வந்தா. "கிணத்தடியில இருந்து எத்தினை முழம்?" என்று மட்டும் கேட்டா.

அம்மாவுக்கு ஏன் அந்தக் கேள்வி வந்தது என்று எங்கள் பகுதிக்காரருக்குத் தெரியும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது, 2014, 2015 காலத்தில், சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை வெடித்தது. ரோட்டோரத்தில் தாங்கிகள் வைத்துத் தண்ணீர் தந்தார்கள். மின் நிலையத்துப் பக்கத்தில் இருந்து வந்த எண்ணெய்க் கழிவு என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கத் தீர்ப்பு வந்தது. அந்த நாட்களில் அம்மா ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் அள்ளினவுடன் மணந்து பார்ப்பா. அதையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றோம்.

எங்களிடம் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மேலே கொஞ்ச மண், கீழே வெடிப்பு விட்ட சுண்ணாம்புக் கல். மேலே ஊற்றுவது கீழே போகும், கீழே இருப்பதைத்தான் குடிக்கிறோம். மின் நிலையம் எங்கே, எங்கள் மூன்று லீற்றர் எங்கே என்று கேட்கலாம். ஒரு ஒழுங்கையில் எத்தனை பைக், எத்தனை ஓட்டோ, எத்தனை வான் என்று எண்ணிப் பார்த்தோம். பிறகு கானின் மூடியை இறுக்கிக் கராஜுக்குக் கொண்டுபோய் அங்கே இருக்கிற பரலில் ஊற்றினோம். அதை எடுத்துக்கொண்டு போக லொறி வருகிறது. நீங்கள் சேர்விஸுக்கு விடுகிற இடத்திலும் பழைய ஒயில் எங்கே போகிறது என்று கேளுங்கள். கானுக்குள் என்றால் நல்லது.

அப்பாவுக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. நல்ல ஒயிலை வீணாக்கினோம் என்ற முகம். இதில் மட்டும் நாங்கள் அவர் பக்கம் இல்லை.

அடுத்த ஞாயிறு கொட்டிலுக்குள் ஒரு கதிரை போட்டு அவரை இருத்தினோம். பொனற்றைத் தூக்கித் தடி கொடுத்தோம். கம்பியை இழுத்து, அவருடைய அதே பெனியன் துண்டால் துடைத்து, செருகி, இழுத்துக் காட்டினோம். மேல் அடையாளத்துக்குச் சற்றுக் கீழே, தேன் நிறத்தில் நின்றது. அப்பா கையை நீட்டினார். கொடுத்தோம். இடது கை நடுங்கியது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் எடுத்தார்.

"இல்லை" என்றார். தெளிவாகச் சொன்னார்.

முப்பது வருடமாக எங்கள் வீட்டுக் கார் எதிலும் மண்ணெண்ணெய் இல்லை. ஆனாலும் அவர் பார்த்துச் சொன்னபிறகுதான் பொனற்றை மூடினோம்.

இப்போது கொட்டிலில் ஒரு கொப்பி தூங்குகிறது. இடது பக்கத்தில் காரின் கணக்கு: திகதி, கிலோமீற்றர், ஒயில், ரேடியேற்றர், பிறேக் ஒயில், ரயர்க் காற்று. வலது பக்கத்தில் அப்பாவின் கணக்கு: திகதி, பிறஷர், குளிசை போட்டாரா இல்லையா. இரண்டும் ஞாயிற்றுக்கிழமைக் காலமை, பிளேன் ரீக்குப் பிறகு. போன வாரம் காரில் ஒயில் கால் லீற்றர் குறைந்திருந்தது, விட்டோம். அப்பாவின் பிறஷர் 150க்கு 90. செவ்வாய்க்கிழமை கிளினிக், காட்டவேண்டும்.